லெசோத்தோ மலைத் தண்ணீர் பம்ப் இல்லாமல் எல்லை தாண்டுவது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: "லெசோத்தோ என்கிற குட்டி நாடு மலைக்குள் சுரங்கம் குடைந்து தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் விற்கிறதாமே, பம்ப்பே கிடையாதாமே. அவ்வளவு பெரிய அணையை அந்த மலையில் எப்படிக் கட்டினார்கள்? அவ்வளவு செலவு தேவைதானா?" கேட்டவர் அணையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஆனால் தண்ணீர் தானாக ஓடுவது எதனால், எதை எந்த வரிசையில் கட்டினார்கள், செலவை நியாயப்படுத்திய கணக்கு எது என்ற மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. மூன்றிலும் அணைக்குப் பங்கு உண்டு என்றாலும், திட்டத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது சுரங்கம்தான். அதனால் பதிலில் பெரும்பகுதி சுரங்கத்துக்கே போகும்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லெசோத்தோவைச் சுற்றி நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே 3,000 மீட்டருக்கு மேல் போகும் மலைகள். மழை அங்கேதான் நன்றாகப் பெய்கிறது. அந்தத் தண்ணீர் செங்கு ஆறாகத் தென்மேற்கே இறங்கி, தென்னாப்பிரிக்காவுக்குள் ஆரஞ்சு ஆறு என்று பெயர் மாறி அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது. தண்ணீருக்குத் தவிக்கும் ஜோகனஸ்பர்கும் அதைச் சுற்றிய கௌடெங் தொழில்வட்டாரமும் வடக்கே, வால் ஆற்றுப் படுகைப் பக்கம் இருக்கின்றன. ஆறு தெற்கே போக, தாகம் வடக்கே. நடுவில் ஒரு மலைத்தொடர். அதைத் துளைத்து வடக்கே திருப்பிவிடும் யோசனை 1950களிலேயே பொறியாளர் நின்ஹாம் ஷாண்ட் காலத்திலிருந்து இருந்தது. காரியமாக முப்பது ஆண்டுகள் ஆயின.

இனி மட்டங்களைப் பாருங்கள். லெசோத்தோ மலையில் கட்டிய முதல் அணை காட்சே; அதன் நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 2,053 மீட்டர். 45 கிலோமீட்டர் வடக்கே, முயேலா மின்நிலையத்தை ஒட்டிய சிறு நீர்த்தேக்கம் சுமார் 1,775 மீட்டர். அங்கிருந்து இன்னொரு சுரங்கம் 37 கிலோமீட்டர் ஓடி, எல்லை ஆறான கேலெடனுக்கு அடியில் புகுந்து, தென்னாப்பிரிக்காவின் கிளேரன்ஸ் ஊருக்கு அருகே ஆஷ் ஆற்றில் வாய் திறக்கிறது. அதன் பிறகு இயற்கை ஆறுகள்: ஆஷ், லீபன்பெர்க்ஸ்ஃப்ளே, வில்கே, கடைசியில் 1,500 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கும் வால் அணை. புறப்பட்ட இடம் முதல் வால் அணை வரை எல்லாமே இறக்கம். பம்ப் இல்லை என்பது அதுவரைக்கும் உண்மை. ஜோகனஸ்பர்க் நகரம் வால் அணையைவிட உயரமான மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஏற்றுவதற்கு ராண்ட் வாட்டர் நிறுவனம் பெரிய பம்ப்புகளை ஓட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஏற்றம் எந்தத் திட்டத்திலும் தப்பாது என்பதால் ஒப்பீட்டில் அதைச் சேர்ப்பதில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆரஞ்சு ஆறு எப்படியும் தென்னாப்பிரிக்காவுக்குள்தானே வருகிறது, கீழே பிடித்து வால் படுகைக்கு ஏற்றினால் போதாதா என்று கேட்கலாம். கேட்டார்கள், விரிவாகக் கணக்கும் போட்டார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஏற்ற, பம்ப்பின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால், 0.34 யூனிட் மின்சாரம் வேண்டும். திட்டத்தின் முதல் கட்டம் தருவது ஆண்டுக்கு 78 கோடி கன மீட்டர், நம் அளவில் சுமார் 27.5 டிஎம்சி. அப்படியானால் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஆண்டுக்கு 26 கோடி யூனிட்டுக்கு மேல், அதுவும் முடிவே இல்லாமல். மலையிலேயே பிடித்து இறக்கினால் முதலீடு அதிகம். ஆனால் மின்கட்டணம் இல்லை, போதாக்குறைக்கு வழியில் மின்சாரமும் கிடைக்கும்.

1986 அக்டோபர் 24 அன்று இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் அடித்தளமே இந்த வித்தியாசம்தான். பம்ப் திட்டத்தின் செலவுக்கும் மலைத் திட்டத்தின் செலவுக்கும் உள்ள மிச்சத்தைக் கணக்கிட்டு, அதில் 56 சதவீதம் லெசோத்தோவுக்கு ராயல்டி, 44 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்கு லாபம் என்று பிரித்தார்கள். தண்ணீர் அனுப்புவதற்கான கட்டுமானச் செலவு முழுவதும், லெசோத்தோ மண்ணில் கட்டியது உட்பட, தென்னாப்பிரிக்காவின் தலையில். மின்நிலையச் செலவு லெசோத்தோவுடையது. "தண்ணீருக்கு என்ன விலை" என்ற, எந்த நாடும் ஒத்துப்போகாத கேள்வியைத் தவிர்த்து, "வேறு வழியில் போயிருந்தால் உனக்கு எவ்வளவு ஆகியிருக்கும்" என்று கேட்ட வாய்பாடு இது. எல்லை தாண்டும் நீர்த்திட்டங்களில் நான் பார்த்த வரைக்கும் இதைவிடத் தெளிவான வாய்பாடு குறைவு. அதற்காக அதைச் சமமான இருவர் உட்கார்ந்து பேசிய உடன்பாடு என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு ஜனவரியில் தென்னாப்பிரிக்கா எல்லைகளை அடைத்து நெருக்கியது. அந்த நெருக்கடியில் லெசோத்தோவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கையெழுத்திட்டது அந்த ராணுவ அரசு. எந்தக் கணக்குவழக்கிலும் வராத விவரம் இது.

கட்டிய வரிசைக்கு வருவோம். அணைக்கு முன் சாலை. காட்சே பள்ளத்தாக்குக்குக் கனரக லாரி போகும் பாதையே அன்று இல்லை. அணையில் போட்ட கான்கிரீட் சுமார் 23 லட்சம் கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ சிமெண்ட் என்று குறைவாக வைத்தாலும் 4.6 லட்சம் டன். 30 டன் லாரியில் 15,000 நடைக்கு மேல். இத்தனையும் 3,090 மீட்டர் உயரமுள்ள மாஃபிக்கா லிசியு கணவாயைத் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். ஆகவே சாலை, பாலங்கள், மின்கம்பி, தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் முன்பணி என்ற பெயரில் தனி ஒப்பந்தங்களாக முதலில் முடிந்தன. இந்த மாதிரித் திட்டங்களில் கால அட்டவணை முதலில் வழுக்குவது இங்கேதான். சாலை ஆறு மாதம் தாமதமானால் அணை ஆறு மாதம் தாமதமாகும் என்று நினைக்கக் கூடாது. ஆற்றைத் திருப்பிவிடும் வேலையை வறண்ட பருவத்தில் செய்ய வேண்டியிருப்பதால் ஒரு பருவம் தவறினால் ஒரு முழு ஆண்டே போய்விடும்.

காட்சே அணை, செங்கு ஆற்றில் போய்ச் சேரும் மாலிபமாட்சோ ஆற்றின் குறுக்கே நிற்கும் இரட்டை வளைவுக் கான்கிரீட் அணை. அதாவது மேலிருந்து பார்த்தாலும் வளைவு, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாலும் வளைவு. உயரம் 185 மீட்டர், முகட்டின் நீளம் 710 மீட்டர், கொள்ளளவு 195 கோடி கன மீட்டர். எடையால் நிற்கும் அணையாக இருந்தால் இந்த உயரத்துக்கு இதைவிட மிக அதிகமான கான்கிரீட் தேவைப்படும். வளைவு அணை தண்ணீரின் தள்ளுவிசையை இரு கரைப் பாறைகளின் மேல் சாய்த்துவிடுகிறது. கரைப்பாறை நெகிழாமல் இருந்தால்தான் அது செல்லும். ஆகவே தோண்டி எடுத்த பிறகு பாறையின் மேற்பரப்பைக் கழுவி, பலவீனமான இடங்களைச் சுரண்டி எடுத்து கான்கிரீட் நிரப்பி, துளையிட்டுச் சிமெண்ட் பால் செலுத்தி இறுக்கிய பிறகே முதல் கான்கிரீட் விழும்.

வளைவு அணையை ஒரே துண்டாகப் போட முடியாது. தனித்தனித் தூண்களாக, ஒவ்வொன்றும் சில மீட்டர் உயர அடுக்குகளாக ஏறும். சிமெண்ட் கெட்டிப்படும்போது சூடு வரும். அந்தச் சூட்டில் விரிந்த கான்கிரீட் மெல்ல ஆறும்போது சுருங்கும். சூடு ஆறும் முன்பே தூண்களை ஒட்டிவிட்டால் பின்னால் விரிசல்தான். அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் குழாய் பதித்துக் குளிர்நீர் ஓட்டுவார்கள். வெப்பநிலை எதிர்பார்த்த அளவுக்கு இறங்கி, தூண்களுக்கு நடுவே இடைவெளி நன்றாகத் திறந்த பிறகு அந்த இடைவெளியில் சிமெண்ட் பால் செலுத்துவார்கள். அந்தக் கணத்தில்தான் தனித்தூண்கள் ஒரே வளைவாக மாறுகின்றன. அவசரப்பட்டால் பலன் கெட்டுவிடும். 2,000 மீட்டர் உயரத்தில் இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொள்கிறது: பகலில் வெயில், இரவில் உறைபனி. புதிதாகப் போட்ட முகப்பைப் போர்த்தி வைக்காவிட்டால் உள்ளே சூடு, வெளியே உறைவு என்று மேற்பரப்பு வெடிக்கும்.

ஜல்லி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சுரங்கத்தில் பின்னால் வந்த சிக்கலுக்கும் வேர் அதுதான். லெசோத்தோ மலைகள் ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. கருப்பு பசால்ட் பாறை. ஒவ்வொரு குழம்பு அடுக்கின் மேற்பகுதியிலும் வாயுக்குமிழிகள் விட்ட ஓட்டைகள், அவற்றில் பின்னால் படிந்த வெள்ளைத் தாதுக்கள். பாறையின் சில அடுக்குகளில் ஸ்மெக்டைட் என்ற களிமண் தாதுவும் கலந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் தாது அது. வெட்டியெடுத்த அன்று சுத்தியலால் அடித்தால் மணிபோல ஒலிக்கும் கல், நனைந்து காய்ந்து நனைந்து சில வாரங்களில் வலைப்பின்னல் விரிசலோடு உதிரும். சாதாரண நசுக்கல் சோதனையில் இது பிடிபடாது. கல்லை எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவத்தில் ஊறவைத்துப் பார்க்கும் சோதனையில் பிடிபடும். அந்த மாதிரி பசால்ட்டில் குவாரி தொடங்கும் எவரும் அதைச் செய்யாமல் விடக் கூடாது.

இப்போது சுரங்கம். காட்சேயிலிருந்து முயேலா வரை 45 கிலோமீட்டர். அத்தனை நீளத்தை ஒரே முனையிலிருந்து தோண்டினால் காலம் போதாது. இயந்திரம் நாளுக்கு 25 மீட்டர் சராசரியாகப் போனாலும் 1,800 நாள். அதனால் நடுவில் பக்கச் சுரங்கம் விட்டுப் பல முகப்புகளிலிருந்து துளைத்தார்கள். பெரும்பகுதி வெடி வைத்து அல்ல; சுமார் 5 மீட்டர் விட்டமுள்ள டிபிஎம் என்கிற துளைப்பு இயந்திரங்களால். இயந்திரத்தின் முகத்தில் எஃகு வட்டத்தட்டுகள். பக்கங்களில் பாறையை இறுக்கிப் பிடிக்கும் கால்கள். பின்னால் கல்துகள் அள்ளும் பெல்ட், தண்டவாள வண்டி, காற்றுக்குழாய். 45 கிலோமீட்டருக்கு இந்த விட்டத்தில் வெளியேறும் பாறை சுமார் 8.8 லட்சம் கன மீட்டர். உடைந்து உப்பினால் 13, 14 லட்சம். அதைக் கொட்டும் இடத்தையும், அதிலிருந்து வழியும் சேற்றுநீரைத் தெளிய வைக்கும் குட்டையையும் முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் பக்கத்து ஓடையெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.

ஆரம்பத் திட்டத்தில் பசால்ட்டுக்குள் போகும் பகுதியின் பெரும்பங்குக்குக் கான்கிரீட் உறை இல்லை. நல்ல கடினப் பாறை, இயந்திரம் வழவழப்பாகத் துளைக்கிறது, உறை எதற்கு என்பது வாதம். நீரோட்டக் கணக்கும் அதற்கு எதிராக இல்லை. வினாடிக்கு 25 கன மீட்டர் ஓட்டத்தில், 5 மீட்டர் உறையில்லாத் துளையில் உராய்வால் இழக்கும் மட்டம் நான் போட்ட எளிய மேனிங் கணக்கில் சுமார் 16 மீட்டர்; உறை போட்டு 4.35 மீட்டராகக் குறுகினால் சுமார் 19 மீட்டர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் துளைத்த பிறகு பாறை வேறு கதை சொன்னது. இயந்திரம் தாண்டிப் போன இடங்களில் சுவர் வலைப்பின்னலாக விரிந்து உதிர ஆரம்பித்தது. மலையின் அழுத்தம் வேறு கூரையிலும் பக்கத்திலும் பாளம் பாளமாகப் பெயர்த்தது. தண்ணீர் ஓடும் சுரங்கத்தில் கல் உதிர்ந்தால் அது டர்பைன் வரை போகும். பல ஆண்டு கழித்து எங்கோ நடுவில் கூரை இறங்கினால் மலைக்கு அடியில் போய்த் திறந்து பார்க்க வழியில்லை. கடைசியில் முழு நீளத்துக்கும் கான்கிரீட் உறை என்று முடிவானது. பணமும் காலமும் கூடின. அந்த முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை வடிவமைப்பின்போதே எடுத்திருக்க முடியுமா என்பதுதான் விவாதத்துக்குரியது. துளைக்கருவி எடுத்த மாதிரிக்கல் பெட்டியில் காய்ந்து கிடக்கும்போது உதிரவில்லை என்றால் நல்ல பாறை என்று எழுதிவிடுவது மனித இயல்பு.

உறை போடுவது எளிய வேலை அல்ல. மடக்கி நகர்த்தும் எஃகு ஷட்டரிங்கைச் சுரங்கத்துக்குள் நிறுத்தி, பாறைக்கும் அதற்கும் நடுவே உள்ள ஓரடி இடைவெளியில் கான்கிரீட்டைப் பம்ப் செய்வார்கள். கான்கிரீட் எப்போதும் உச்சியில் முழுமையாக நிரம்பாது. கூரைப் பகுதியில் மெல்லிய வெற்றிடம் நிற்கும். அதைச் சிமெண்ட் பால் செலுத்தி அடைக்காமல் விட்டால் உள்ளிருக்கும் தண்ணீரின் அழுத்தத்தில் உறை அங்கேதான் விரிசல் விடும். அதே மாதிரி, சுரங்கத்தின் மேலே இருக்கும் மலையின் கனம் உள்ளே இருக்கும் நீரழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும் இடங்களில், ஆற்றுக்கு அடியில் அல்லது மலை சரிந்து முடியும் இடத்தில், சாதாரணக் கான்கிரீட் போதாது. பாறையே பிளந்து தண்ணீர் வெளியேறும். அங்கே எஃகு உறை. எஃகு இருந்தால் துரு இருக்கும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சுரங்கத்துக்குள் ஓடும் தண்ணீரின் எடையை யோசித்துப் பாருங்கள். 4.35 மீட்டர் விட்டம், 45 கிலோமீட்டர் நீளம்: 6.6 லட்சம் டன்னுக்கு மேல், வினாடிக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. மின்நிலையத்தில் வால்வு திடீரென மூடினால் அத்தனை டன்னும் போய் மோதும். அதனால் சுரங்கத்தின் முடிவுக்கு அருகே சர்ஜ் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் கிணறு. மூடியவுடன் தண்ணீர் அதில் ஏறி, இறங்கி, ஆடி அடங்கும். முயேலா நிலத்தடி மின்நிலையத்தில் 24 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 72 மெகாவாட். இங்கே ஒரு சின்ன முரண்பாடு. மின்சாரத்துக்காக மட்டும் கட்டிய நிலையம் என்றால் பழுதானால் தண்ணீரை நிறுத்திவைக்கலாம். குடிநீர் வழியில் உட்கார்ந்திருக்கும் நிலையத்துக்கு அந்த உரிமை இல்லை. இயந்திரம் நின்றாலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க, வேகத்தைக் கொன்று விடும் மாற்றுவழி வால்வுகள் வேண்டும். இப்படிப்பட்ட நிலையத்தின் வடிவமைப்பைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது டர்பைனை அல்ல, அந்த வால்வை.

எல்லைக்கு அப்பால் வந்தவுடன் வேலை முடிந்ததாகத்தான் பலரும் நினைப்பார்கள். ஆஷ் ஆறு சின்ன ஓடை. அதில் ஆண்டு முழுவதும் வினாடிக்கு சுமார் 25 கன மீட்டர் தெளிந்த நீர் விழுந்தால் என்ன ஆகும்? வண்டல் இல்லாத தண்ணீர் பசியோடு இருக்கும். படுகையையும் கரையையும் அரித்துத் தின்னும். அதுதான் நடந்தது. படுகையில் இறங்குபடி போலத் தடுப்பணைகள் கட்டி வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. இரவல் ஆற்றை வாய்க்காலாகப் பயன்படுத்தும் எந்தத் திட்டத்திலும் இந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

காட்சே 1995 அக்டோபரில் நிரம்பத் தொடங்கியது. 1998 ஜனவரியில் மூன்றாம் லெட்சியே மன்னரும் நெல்சன் மண்டேலாவும் கூடித் திறந்துவைத்தார்கள். நீர் ஏறத் தொடங்கியதும் நில அதிர்வுகள் வந்தன. கரையோர மாபெலெங் கிராமத்தின் ஊடே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீள விரிசல் திறந்தது. மக்கள் சிலர் இடம்பெயர வேண்டியதாயிற்று. ஆழமான தேக்கம் நிரம்பும்போது இப்படி நடக்கும் என்பது பொதுவாகத் தெரிந்த விஷயம்தான். எந்தக் கிராமத்தில், எப்போது, எவ்வளவு வலுவாக என்று முன்கூட்டிச் சொல்லும் முறை இன்றும் இல்லை. செய்யக்கூடியது, நிரப்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதிர்வுமானிகளை வைத்து இயல்பான நிலையைப் பதிவு செய்வதும், நிரப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும்தான்.

இரண்டாவது அணையான மொஹாலே வேறு இனம். செங்குன்யானே ஆற்றில் 145 மீட்டர் உயரம்; உடைத்த பாறையை அடுக்கடுக்காகக் கொட்டி, நீர் தெளித்து, அதிர்வு ரோலரால் அழுத்தி எழுப்பிய மலை; தண்ணீர்ப் பக்கச் சரிவில் கான்கிரீட் பலகை போர்த்தியது. அந்தப் பலகையின் பருமன் கீழே கூட முக்கால் மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். நீரைத் தடுப்பது அந்த மெல்லிய தோல், அதைத் தாங்குவது பின்னால் இருக்கும் பாறை. இங்கிருந்து 32 கிலோமீட்டர் சுரங்கம் காட்சேக்கு. கட்டுவது எளிது, வானிலைக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், உள்ளூர்ப் பாறையே போதும். ஆனால் 2006 தொடக்கத்தில் தேக்கம் முதன்முறையாக நிரம்பியபோது நடுப் பலகைகள் செங்குத்து மூட்டில் ஒன்றையொன்று நெரித்து உடைந்தன. காரணம் இது: தண்ணீரின் பாரத்தில் பாறைநிரப்பு அமுங்குகிறது, இரு கரைகளிலிருந்தும் நடுவை நோக்கி நகர்கிறது, மேலே ஒட்டியிருக்கும் பலகைகளையும் இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நசுக்குகிறது. ஏறக்குறைய அதே சமயத்தில் பிரேசிலில் காம்போஸ் நோவோஸ், பாரா கிராண்டே அணைகளிலும் இதே உடைவு. அதுவரை இந்த வகை அணையில் நடுப்பகுதி அழுத்தத்தில் இருப்பது பாதுகாப்பு என்றே கருதினார்கள்; பழைய அனுபவ விதிகள் 150 மீட்டரை நெருங்கும்போது உதவவில்லை. அணை விழும் ஆபத்து அதனால் வரவில்லை, கசிவுதான் கூடியது. இப்போது செங்கு, குபேலு ஆறுகள் கூடும் இடத்தில் எழும் பொலிஹாலி அணையும் இதே இனம், உயரம் சுமார் 166 மீட்டர். அங்கே நடு மூட்டுகளில் நசுங்கிக்கொடுக்கும் பொருளை வைப்பது, பாறைநிரப்பை இன்னும் இறுக அழுத்துவது, பலகையைப் போடும் முன் நிரப்பு அமுங்க அவகாசம் விடுவது ஆகியவை இனி விருப்பத்துக்கு விட்ட விஷயங்கள் அல்ல.

"தேவைதானா" என்ற கேள்விக்கு உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். தண்ணீர் போகிறது என்பது உறுதி. ராயல்டி வருகிறது, அது லெசோத்தோ அரசுக்குப் பெரிய வருமானம் என்பதும் உறுதி. அந்தப் பணம் அணையோரக் கிராமத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதில் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. தேக்கத்தைப் பார்த்தபடி ஊற்றுத் தண்ணீருக்கு நடக்கும் ஊர்களைப் பற்றிய புகார் இன்றும் ஓயவில்லை. மூழ்கிய நிலத்துக்கு 50 ஆண்டுகள் ஈடு என்று கொள்கை வந்தது. மேய்ச்சல் நிலத்தையும் ஆற்றோர மூலிகையையும் தானிய மூட்டையில் எப்படி அளப்பது என்பதற்கு நல்ல விடை இதுவரை யாரிடமும் இல்லை. அணைக்குக் கீழே ஆற்றுக்கு விட வேண்டிய தண்ணீரைப் பொறுத்தவரை, 1986 ஒப்பந்தம் காட்சேக்கு வினாடிக்கு 500 லிட்டர், மொஹாலேக்கு 300 லிட்டர் என்றுதான் எழுதியது. காட்சேயிலிருந்து வடக்கே போவது வினாடிக்கு 25,000 லிட்டர் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, 2003 கொள்கையில்தான் இந்த அளவு உயர்ந்தது, வெள்ளப் பருவத்தைப் போலி செய்யும் திறப்புகளும் சேர்ந்தன. வால் ஆறும் கடைசியில் டக்ளஸ் அருகே ஆரஞ்சு ஆற்றோடுதான் கலக்கிறது; ஆகவே இடையில் குறைந்த தண்ணீரின் பாரம் நமீபியா எல்லை வரை போகிறது. 2000ஆம் ஆண்டில் நான்கு நாடுகள் சேர்ந்து ஆரஞ்சு-செங்கு ஆணையம் அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தப் பணத்தில் நடந்ததையும் மறைப்பதற்கில்லை. திட்ட அமைப்பின் முதல் தலைமை நிர்வாகி மசூபா சோலே லஞ்ச வழக்கில் 2002இல் சிறைத்தண்டனை பெற்றார். பணம் கொடுத்த பன்னாட்டு நிறுவனங்கள் சிலவற்றையும் லெசோத்தோ நீதிமன்றம் தண்டித்தது. சிறிய நாடு ஒன்று லஞ்சம் வாங்கியவரோடு கொடுத்தவரையும் கூண்டில் ஏற்றியது அன்று அபூர்வம்.

கடைசியாக, அந்தத் துரு. சுரங்கம் ஒன்றே ஒன்று, மாற்றுப்பாதை இல்லை. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரை நிறுத்த வேண்டும். காலி செய்வதிலும் அவசரம் கூடாது. உள்ளே அழுத்தம் சட்டென்று போய்விட்டால் பாறைக்குள் ஊறி நிற்கும் நீர் வெளியிலிருந்து உறையை நெரித்துவிடும். 2024 அக்டோபர் தொடக்கத்தில் பராமரிப்புக்காக இப்படித்தான் மூடினார்கள், ஆறு மாதத் திட்டம்: எஃகு உறையின் துருவைச் சுரண்டி மறுபூச்சு, கான்கிரீட் விரிசல் பதிவு, வால்வு பழுது. ஆறு மாதமும் ஆஷ் ஆற்றுப் பாதையில் இந்தத் தண்ணீரை நம்பிப் பழகிய சிற்றூர்களும் பாசனக்காரர்களும் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பொலிஹாலி முடிந்தால் ஆண்டு வழங்கல் 78 கோடியிலிருந்து 127 கோடி கன மீட்டராகும். அங்கிருந்து காட்சேக்குப் புதிதாக 38 கிலோமீட்டர் சுரங்கமும் வருகிறது. காட்சேக்கு வடக்கே மட்டும் பழைய துளைதான். ஓட்டம் 1.6 மடங்கானால் உராய்வு இழப்பு அதன் வர்க்கமாக, என் கணக்கில் 19 மீட்டரிலிருந்து 50 மீட்டர் பக்கம் போகும். அதற்கு உயரம் இருக்கிறது. மூடிவைத்துப் பழுது பார்க்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நிற்கும் தண்ணீர் அப்போது 6.5 கோடி கன மீட்டரிலிருந்து 10.6 கோடியாக இருக்கும்.